ஆளை மறைக்கும் லென்ஸ்

மெழுகுவத்திச் சடங்கில் ஃப்ளாஷ் அடிப்பவர்களுக்கென்று நரகத்தில் தனியாக ஒரு கூடம் கட்டி வைத்திருப்பதாகத் துலியோ சொல்லிக்கொண்டிருந்தான். அவன் வீடியோ எடுப்பவன், சுல்மா போட்டோ எடுப்பவள். குவாலெகுவாய் ஊரில் பெண்ணுக்குப் பதினைந்து வயது நிறைந்தால் பெரிய விழா எடுப்பார்கள்; எந்த விழாவானாலும் இந்த இரண்டு பேரும்தான் போய் நிற்பார்கள். சாப்பாடு முடிந்து விளக்கெல்லாம் அணைத்த பிறகு, பிறந்தநாள்காரி தனக்கு வேண்டிய பதினைந்து பேரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நாலு வார்த்தை பேசி, ஆளுக்கொரு மெழுகுவத்தி கொடுப்பாள். கூடமே மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்து சுல்மாவின் ஃப்ளாஷ் பளீரென்று வெடிக்கும். உருகி நின்ற அத்தைமாரெல்லாம் கையும் களவுமாகப் பிடிபட்ட திருடிகள் மாதிரி முழித்துக்கொண்டு படத்தில் விழுவார்கள்.

"இது பிறந்தநாள் ஆல்பம் மாதிரியா இருக்கு, குண்டம்மா? போலீஸ் ஸ்டேஷன் சுவத்துல ஒட்டி வச்ச மாதிரி இருக்கு" என்பான் துலியோ. சுல்மா துடைப்பக் குச்சி மாதிரி ஒல்லி. அதனால்தான் அந்தப் பெயர். அவளும் அதற்குத் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டாள்.

கடைசியில் அவன் நச்சரிப்புத் தாங்காமல் இருவரும் பரனா நகருக்குப் பஸ் ஏறினார்கள். அங்கே பாதசாரித் தெருவில் பழைய கேமரா விற்கும் கடை ஒன்று இருந்தது. சுல்மா தேடிப் போனது ஸூம் ஆகாத லென்ஸ். முன்னே பின்னே இழுக்க முடியாது, வேண்டுமானால் நாம்தான் நடக்க வேண்டும். ஆனால் வாயை அகலமாகத் திறக்கும். மெழுகுவத்தி வெளிச்சத்தையே வயிறு முட்டக் குடித்துப் படம் கொடுக்கும். அகலத் திறப்பதில் ஒரு சிக்கலும் உண்டு. தெளிவாக விழும் பகுதி மெலிந்துவிடும், கசாப்புக் கடையில் சீவித் தரும் ஹாம் துண்டு அளவுக்கு. அந்தத் துண்டுக்குள் கண் இருந்தால் கண் தெளிவு, காது வெளியே போனால் காது பஞ்சு.

கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். முப்பத்தைந்து, ஐம்பது, எண்பத்தைந்து மில்லிமீட்டர். துலியோவைக் கடையின் பின்னறையில் உட்கார வைத்து, கையில் சிகரெட் லைட்டரைக் கொடுத்து, விளக்கை அணைத்தாள் சுல்மா.

"முப்பத்தஞ்ச வாங்கு" என்றான் துலியோ, தீயைப் பிடித்துக்கொண்டே. "கிட்டப் போய் நிக்கலாம். பக்கத்துல யார் இருந்தாலும் விழுவாங்க. விழான்னா நாலு பேர் விழணும்."

சுல்மா எடுத்துப் பார்த்தாள். "உன் மூக்கு உருளைக்கிழங்கு மாதிரி விழுது."

"என் மூக்கு உருளைக்கிழங்குதான். லென்ஸ் என்ன பண்ணும்?"

ஐம்பதில் எடுத்ததில் துலியோ துலியோவாகவே இருந்தான், அடையாள அட்டையில் இருப்பது போல. லேசானது, மலிவானது, நேர்மையான லென்ஸ். பிறகு எண்பத்தைந்தை மாட்டினாள். அது கையில் ஒரு இரும்புக் குண்டு மாதிரி கனத்தது. சுவர் வரை பின்னால் போய்த்தான் துலியோவின் முகத்தைப் பிடிக்க முடிந்தது. படத்தைப் பார்த்தாள். பின்னாலிருந்த அலமாரி, கயிறு, அட்டைப்பெட்டி எல்லாம் வெண்ணெய் மாதிரி உருகிக் காணாமல் போயிருந்தன. நடுவில் துலியோவின் கண் இரண்டும், அதில் ஆடும் தீயும் மட்டும் இருந்தன.

"அட, நீ அழகா இருக்க" என்றாள்.

"அய்யய்யோ, அப்ப இந்த லென்ஸ் பொய் சொல்லுது. வாங்காத." சொல்லி முடிப்பதற்குள் லைட்டர் விரலைச் சுட்டுவிட, ஊவென்று உதறினான்.

சுல்மாவால் முடிவு செய்ய முடியவில்லை. கடைக்காரர் அவளுக்குப் பழக்கமானவர். ஐம்பதையும் எண்பத்தைந்தையும் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வேண்டாததைத் திருப்பி அனுப்பும்படி சொன்னார். திரும்பி வரும் வழியெல்லாம் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தாள். அறிவு ஐம்பது என்றது. ஆசை எண்பத்தைந்து என்றது.

அவளுக்காக முடிவெடுத்தவள் மிர்த்தா.

மிர்த்தா பள்ளிக்கூடத்து எதிரில் சின்னக் கடை வைத்திருந்தாள். மிட்டாய், பென்சில், பேட்டரி, எல்லாம் விற்பாள். அவள் மகள் லுஹானுக்குத்தான் அடுத்த பதினைந்தாம் பிறந்தநாள். ரயில்வேக்காரர்களின் பழைய கிளப்பில் இடம் பிடித்திருந்தாள். அதைக் காட்ட சுல்மாவைக் கூட்டிப்போனபோதே மிர்த்தாவின் முகம் சுருங்கியிருந்தது. கூடத்தின் இரண்டு பக்கமும் கூடைப்பந்து வளையம் தொங்கியது. சுவரில் பீர் விளம்பரம். நாற்காலிகள் பிளாஸ்டிக்.

"இதெல்லாம் படத்துல விழுமா?" என்றாள் மிர்த்தா.

சுல்மா பையிலிருந்து எண்பத்தைந்தை எடுத்து மாட்டி, மிர்த்தாவை வளையத்துக்குக் கீழே நிறுத்தி ஒரு படம் எடுத்துக் காட்டினாள். வளையம் ஒரு சின்ன ஆரஞ்சுப் புள்ளியாகக் கரைந்திருந்தது. பீர் விளம்பரம் இருந்த இடத்தில் தங்க நிறத்தில் ஏதோ மினுங்கியது.

மிர்த்தா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இது வளையத்த மட்டுந்தான் மறைக்குமா, ஆளையும் மறைக்குமா?" என்று கேட்டாள்.

"எந்த ஆள?"

"வில்மார. லுஹான் அப்பன. அவன் வந்தாலும் வருவான். இவதான் கூப்பிட்டிருக்கா. வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல." மிர்த்தா ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "இவ சின்னதுல, சர்ச்சுல முதல் நற்கருணை வாங்கின அன்னிக்கு வரேன்னு சொன்னான். இவ வெள்ள கவுனப் போட்டுக்கிட்டு இதோ இந்தக் கிளப்பு படியிலதான் உக்காந்திருந்தா. அப்பா வந்தாத்தான் சாப்பிடுவேன்னு. கேக்கு வெயில்ல உருகிப் போச்சு. அவன் வரவே இல்ல. இப்ப வந்து, பக்கத்துல நின்னு, பல்லக் காட்டிக்கிட்டு, என் பிள்ள ஆல்பத்துல காலத்துக்கும் உக்காரணுமா?"

"எடுக்காம விட்டுடட்டுமா?"

"ஐயோ, வேணாம். அவ பாத்துக்கிட்டே இருப்பா. நீ எடு. ஆனா அவன் விழக்கூடாது. புரியுதா?"

சுல்மாவுக்கு நன்றாகவே புரிந்தது. அவள் வீட்டு அலமாரியில் அவள் மகளுடைய ஆல்பம் இருந்தது. அதில் பக்கத்துக்குப் பக்கம் அந்த மகளின் அப்பன் ஒராசியோ நின்றான், அவளே ஃப்ளாஷ் அடித்து எடுத்த ஒராசியோ, ஒவ்வொரு பல்லும் எண்ணும்படி தெளிவாக. அடுத்த கோடையில் அவன் வேறொருத்தியுடன் போய்விட்டான். இன்றைக்கும் மகள் அந்த ஆல்பத்தை எடுத்தால் சுல்மா அடுக்களைக்குப் போய்விடுவாள்.

"கவலைப்படாத" என்றாள். "மரியாதையாவே மறைச்சுடலாம். அவருக்கே தெரியாது."

சொல்லும்போது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்த வாரமே ஐம்பதைக் கடைக்காரருக்குத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

விழாவன்று லுஹான் நீலக் கவுனில் வந்தாள். எல்லாரையும் கட்டிப்பிடித்தாள், ஆடினாள், ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு மேசைக்கு அடியில் தேடினாள். இனிப்புப் பரிமாறும்போதுதான் வில்மார் வந்தார். ரொசாரியோ துறைமுகத்துக்குச் சோயா ஏற்றிப் போகும் லாரிக்காரர். யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டு மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தும் நகத்தோரம் கிரீஸ் போகவில்லை. உள்ளே வராமல் குளிர்பானப் பெட்டி ஓரமாகவே நின்றார். மிர்த்தா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

விளக்கை அணைத்தார்கள். முதல் மெழுகுவத்தி அம்மாவுக்கு. "எல்லாமே உங்கிட்ட இருந்துதான் ஆரம்பம்மா" என்று லுஹான் சொன்னதும் மிர்த்தா உடைந்து அழுதாள். சுல்மா சுவர் வரை பின்னால் போய் நின்று குரல் கொடுத்தாள். "கிட்ட வாங்க! கன்னத்தோட கன்னம்! இங்க பாருங்க!"

அந்த லென்ஸுக்கு அப்படிக் கூப்பிட்டே ஆக வேண்டும். இரண்டு முகமும் ஒரே தூரத்தில் ஒட்டி நின்றால்தான் இரண்டும் அந்த மெல்லிய துண்டுக்குள் அடங்கும். ஒருவர் ஒரு எட்டு பின்னால் போனாலும் பஞ்சுதான். அதனால் மெழுகுவத்தி வாங்கின ஒவ்வொருவரையும் கூப்பிட்டாள். மாமா, ஞானத்தாய், வாலிபால் பயிற்சி கொடுத்தவர், தோழிகள். எல்லாரும் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். குளிர்பானப் பெட்டி ஓரத்தில் நின்றவர் அதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கடைசி மெழுகுவத்தியை லுஹான் கையில் எடுத்தாள். "இது, வரமாட்டார்னு எல்லாரும் சொன்னவருக்கு" என்றாள். குரல் கொஞ்சம் தழுதழுத்தது. "நான் அப்படிச் சொல்லல. அப்பா, வாங்க."

மிர்த்தா மகளைப் பார்க்கவில்லை. சுல்மாவைப் பார்த்தாள்.

வில்மார் வந்து மெழுகுவத்தியை வாங்கினார். மகளை ஒட்டி நிற்கலாமா கூடாதா என்று தெரியவில்லை போலும். ஒரு எட்டு பின்னால் நின்றபடி கையை மட்டும் நீட்டி அவள் தோளில் வைத்தார். பிறகு தலையை நிமிர்த்தி நேராகக் கேமராவைப் பார்த்தார். கூப்பிடுவார்கள் என்று நின்றார். எல்லாரையும் கூப்பிட்டார்களே.

சுல்மா கூப்பிடவில்லை. லுஹானின் கண்ணிமையில் குறி வைத்து அழுத்தினாள்.

"ஆச்சு" என்று சொல்லிவிட்டுக் கேமராவை இறக்கினாள்.

அந்தக் கணத்தில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை அவளால் பிறகு எந்த விதத்திலும் இல்லையென்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. ஒராசியோவின் பல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப்போட்ட மாதிரி ஒரு சந்தோஷம்.

மறுநாள் படங்களைப் பெரிய திரையில் போட்டுப் பார்த்தாள். அந்த விழாவிலேயே அழகான படம் அதுதான். லுஹானின் கண்ணில் நீர் கோத்து நிற்கிறது, விழத் தயாராக. அதற்குள் ஒரு குட்டித் தீ. பின்னால் ஒரு பெரிய வெதுவெதுப்பான மங்கல், அதன் நடுவில் இன்னொரு தீ. சுல்மா அதைத் தன் ஸ்டூடியோவின் இணையப் பக்கத்தில் போட்டாள். இதயக்குறிகள் கொட்டின. என்ன லென்ஸ் என்று புவனோஸ் ஐரஸிலிருந்து ஒருவர் விசாரித்தார். பின்னணி எவ்வளவு அழகாக உருகியிருக்கிறது என்று இன்னொருவர் எழுதினார். பின்னணி என்று அவர் சொன்னது ஒரு ஆளை. அதைப் படித்தபோதுதான் சுல்மா முதல் தடவையாக அந்த மங்கலுக்குள் வில்மாரின் முகத்தைத் தேடினாள்.

துலியோ வந்து திரையைப் பார்த்தான். "இது யாரு பின்னால, பேயா?"

"இருட்டு. லென்ஸ் அப்படி."

"அப்படியா." அவன் தன் கணினியைத் திறந்து வீடியோவை ஓடவிட்டான். "எல்லாரையும் கூப்பிட்ட, குண்டம்மா. உன் சத்தம் என் மைக்குலதான் விழுது, மறந்துட்டியா? இவர மட்டும் கூப்பிடல. இங்க பாரு."

வீடியோவில் அவள் 'ஆச்சு' என்று சொல்வது கேட்டது. லுஹான் தோழிகளிடம் ஓடிவிடுகிறாள். விளக்கு எரிகிறது, பாட்டு ஆரம்பிக்கிறது. வில்மார் அதே இடத்தில், நீட்டின கை நீட்டினபடி, கேமரா இருந்த திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பிறகு மெழுகுவத்தியை ஊதி அணைத்து, கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடக்கிறார்.

சுல்மா எழுந்து போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். துலியோ கேலி செய்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் செய்யவில்லை.

"அன்னிக்குக் கடையில லென்ஸ் பொய் சொல்லுதுன்னேன். லென்ஸ் பாவம், அது என்ன பண்ணும்?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அவன் திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

ஒரு காலை வேளையில், ஸ்டூடியோ வாசலில் பெரிய லாரி ஒன்று தெருவையே அடைத்துக்கொண்டு நின்றது. வில்மார் ஒரு காகிதப் பொட்டலத்துடன் உள்ளே வந்தார். சுடச்சுட மெதியலூனா, பிறை வடிவ ரொட்டிகள். வெண்ணெய் காகிதத்தில் ஊறியிருந்தது.

"காலையில வேலையக் கெடுக்குறேன், செனோரா. ஒரே ஒரு படம் வேணும். பாப்பாவும் நானும் நிக்கிறது. லாரியில வச்சுக்க."

சுல்மா வேறு வழியில்லாமல் திரையில் படத்தைப் போட்டாள். அவர் குனிந்து, கண்ணைச் சுருக்கி, நெடுநேரம் பார்த்தார்.

"எவ்வளவு அழகா இருக்கா பாருங்க" என்றார். "நான்தான் சரியா விழல."

"இருட்டு..." என்று ஆரம்பித்தாள் சுல்மா.

"இல்ல இல்ல, நான் அசைஞ்சிருப்பேன். ஒரு இடத்துல நிக்கிற பழக்கமே நமக்கு இல்லையே." சிரித்தார். "பாப்பா போன் பண்ணி ஒரே அழுக, செனோரா. இன்டர்நெட்டுல உங்க ஸ்டூடியோப் பக்கத்துல படத்தப் பாத்திருக்கா. 'நான் நடுங்கினேன்ப்பா, அதான் உங்க முகம் கெட்டுப் போச்சு'ங்கிறா. நீ இல்ல ராணி, நான்தான் அசைஞ்சேன்னு சொன்னேன். நம்பல. அவளப் பாத்தா நீங்களும் ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவா, தொழில் தெரிஞ்சவங்க."

சுல்மா தலையாட்டினாள். அதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் செய்ய வரவில்லை. படத்தை அச்செடுத்துக் கொடுத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, மை காயட்டும் என்று ஊதிக்கொண்டே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, லாரியின் முன்கண்ணாடிக்குக் கீழே அதைச் செருகிக்கொண்டிருப்பது தெரிந்தது. பக்கத்தில் பாதி எரிந்த மெழுகுவத்தி ஒன்று கட்டி வைக்கப்பட்டிருந்தது.

ரொட்டியை அவளால் தொட முடியவில்லை. வெட்கமாக இருந்தது. தான் செய்த தப்புக்கு அப்பனும் மகளும் நான் நீ என்று போட்டி போட்டுக்கொண்டு பழியைச் சுமக்கிறார்கள். இவளோ தொழில் தெரிந்தவள் என்று சாட்சி சொல்ல உட்கார்ந்திருக்கிறாள். தூக்கி எறிந்துவிடலாமா என்று எண்பத்தைந்தைக் கையில் எடுத்தாள். அந்த லென்ஸின் கண்ணாடியில் அவள் முகம் தலைகீழாகச் சின்னதாகத் தெரிந்தது. உறைக்குள் போட்டு மூடினாள்.

உண்மையைச் சொன்னால் மிர்த்தா மாட்டிக்கொள்வாள். தனியாளாக நின்று பிள்ளையை வளர்த்தவளை அந்தப் பிள்ளையிடமே காட்டிக்கொடுப்பதா? சொல்லாவிட்டால் லுஹான் காலமெல்லாம் தன் கையைத் தானே நொந்துகொண்டிருப்பாள். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க அம்மாவும் மகளும் வரும் நாள் வரை சுல்மா இப்படியே புழுங்கினாள்.

அவர்கள் வந்தார்கள். மிர்த்தா வெந்நீர்க் குடுவையும், மாதே என்கிற இலைத் தேநீர் போட்ட குவளையுமாக வந்து, வீட்டில் உட்காருவது போல உட்கார்ந்து, உறிஞ்சுகுழலைச் செருகி, முதல் வாயைத் தானே குடித்து, அடுத்ததைச் சுல்மாவுக்கு நீட்டினாள். நல்ல மனநிலையில் இருந்தாள். கூடைப்பந்து வளையம் ஒரு படத்திலும் இல்லை என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தடவை சொன்னாள். "பாத்தியா கண்ணு, அரண்மனை மாதிரி இருக்கு."

லுஹான் வேகமாகத் தள்ளிக்கொண்டே போய்க் கடைசி மெழுகுவத்தியில் நின்றாள்.

"அத விடு" என்றாள் மிர்த்தா. "உன் தோழிங்களோட எடுத்தத எடு."

லுஹான் விடவில்லை. படத்தைப் பெரிதாக்கினாள். அப்பாவின் முகம் திரை முழுக்க வெறும் சாயமாகப் பரவியது. கீழே இறக்கித் தன் தோளுக்குக் கொண்டுவந்தாள். அங்கே நிறுத்தினாள்.

"சுல்மா, இங்க பாருங்களேன். அப்பா கை."

சுல்மா பார்த்தாள். அதுவரை அவள் அதைக் கவனித்ததே இல்லை. லுஹானின் தோளும் கண்ணும் கிட்டத்தட்ட ஒரே தூரத்தில் இருந்ததால், தோளில் இருந்த கை அந்த மெல்லிய துண்டுக்குள் வந்து விழுந்திருந்தது. நான்கு விரலும் தெளிவாக இருந்தன. நகத்தோரத்துக் கிரீஸ்கூடத் தெரிந்தது.

"நான் நடுங்கியிருந்தா கையும் கலங்கியிருக்கணும்ல?" என்றாள் லுஹான். "அப்பா அசைஞ்சிருந்தாலும் கலங்கியிருக்கணும். கை இவ்வளவு தெளிவா இருக்கே. அப்ப யாரு அசைஞ்சது?"

மாதே குவளை மிர்த்தாவின் கையில் அப்படியே நின்றது.

எவ்வளவோ சொல்லியிருக்கலாம். லென்ஸ், வெளிச்சம், தூரம் என்று அந்தப் பெண்ணின் வாயை அடைக்கும் அளவுக்குத் தொழில் வார்த்தைகள் சுல்மாவிடம் இருந்தன. அவள் நாற்காலியை லுஹான் பக்கம் திருப்பினாள்.

"யாரும் அசையல. நீயும் நடுங்கல, அப்பாவும் அசையல. நான்தான் பண்ணேன்."

"தப்பா எடுத்துட்டீங்களா?"

"இல்ல. வேணும்னேதான். எல்லாரையும் கன்னத்தோட கன்னம்னு கூப்பிட்டேன்ல? கூப்பிட்டாத்தான் ரெண்டு பேரும் தெளிவா விழுவாங்க. உங்கப்பாவ கூப்பிடல."

லுஹான் அவளையே பார்த்தாள். "ஏன்?"

சுல்மாவின் கண் மிர்த்தா பக்கம் போகப் பார்த்தது. அவள் அதைப் பிடித்து நிறுத்தினாள். "என் பொண்ணோட அப்பன் ஞாபகம் வந்துருச்சு. யார் மேலயோ இருந்த கோவத்த உங்கப்பா மேல காட்டிட்டேன். யாரும் சொல்லிப் பண்ணல. நானாத்தான் பண்ணேன்."

அதில் பாதி உண்மை. மீதிப் பாதியை அவளே விழுங்கிக்கொண்டாள். 

மிர்த்தா குழலை உறிஞ்சினாள். குவளையில் தண்ணீர் இல்லை. வெறும் காற்று சளசளவென்று சத்தம் போட்டது. அதன் பிறகும் உறிஞ்சினாள்.

"மன்னிச்சுடு" என்றாள் சுல்மா. "உங்கள ரெண்டு பேரையும் வரச் சொல்லி, நல்லபடியா ஒண்ணு எடுத்துத் தரேன். பகல் வெளிச்சத்துல."

"அது வேற போட்டோ" என்றாள் லுஹான். அவள் அழவில்லை. அழுதிருந்தால் சுல்மாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "எங்கப்பா, தான்தான் அசைஞ்சோம்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. அவர்கிட்ட நீங்களே சொல்லுங்க. இப்பவே."

சொல்லிவிட்டு, சுல்மாவின் கைப்பேசியை எடுத்து அப்பாவின் எண்ணைப் போட்டு, ஒலிபெருக்கியை அழுத்தி, மேசை மேல் வெந்நீர்க் குடுவைக்குப் பக்கத்தில் வைத்தாள். மணி அடித்தது. மிர்த்தா எழுந்து போக நினைத்தவள் மாதிரி பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

"ஹலோ, யாரு?" லாரிச் சத்தத்துக்கு மேலே வில்மாரின் குரல் வந்தது.

"நான் சுல்மா பேசுறேன்."

"ஆ, செனோரா! ஒரு நிமிஷம், ஓரங்கட்டுறேன்." எஞ்சின் சத்தம் தாழ்ந்தது. "சொல்லுங்க. பாப்பாவப் பாத்தீங்களா? நான்தான் அசைஞ்சேன்னு சொன்னீங்களா? நம்பினாளா?"

 லுஹான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வில்மார், நீங்க அசையல. நான் உங்கள வேணும்னேதான்..." அவள் கைப்பேசிப் பக்கம் குனிந்தாள். "நீங்க அசையவே இல்ல."

அந்தப் பக்கம் வண்டியின் இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருப்பது கேட்டது. பிறகு அவர் பேசினார். கோபமே இல்லாத அந்தக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"எனக்குத் தெரியும், செனோரா. நான் மூச்சுகூட விடாமத்தான் நின்னேன்." கொஞ்சம் தயங்கினார். "மிர்த்தா உங்களப் பாத்ததையும் பாத்தேன். அவ கோவத்துல நியாயம் இருக்கு. பாப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. பாவம், அவ அம்மாகூட சண்டைக்குப் போயிடுவா."